நூற்று நாற்பத்து நான்கு

நகர மன்றத்தில் எனக்கு
மன்னிப்புக் கேட்கும் வேலை.
நடைபாதை விளக்கு எரியாவிட்டால் கேட்பேன்.
புறா எச்சத்துக்கு, குப்பைக் குழாய் நாற்றத்துக்கு,
மேல்வீட்டில் நள்ளிரவில் யாரோ
கோலிக்குண்டு உருட்டும் சத்தத்துக்கு,
அந்த வீட்டில் ஆறு மாதமாய்
ஆளே இல்லை என்று தெரிந்தும்,
கேட்பேன்.

எட்டரை மணி நேரம்
பிறர் கத்தலைக் காதில் வாங்கி
ஒரு சொட்டுச் சிந்தாமல்
பேருந்தில் அங் மோ கியோ வரை சுமந்துவந்து
பத்தாம் மாடிக் கதவைத் திறந்ததும்
தாரிகாவின் தலையில் கொட்டுவேன்.

காரணமா?
காலுறை. கணக்கு நோட்டு. பாதி குடித்த மைலோ.
ஒன்பது வயதில்
காரணங்களுக்கா பஞ்சம்.

ஒரு செவ்வாய்க்கிழமை மின்தூக்கி பழுது.
(அதற்கும் காலையில் யாரிடமோ
மன்னிப்புக் கேட்டிருந்தேன்.)
மாடிக்குப் பதினாறு படி.
ஐந்தாவதில் முட்டி முனகியது.
எட்டாவதில் யாருடைய மிதிவண்டியையோ
பிடித்துக்கொண்டு நின்றேன்.
கதவைத் திறந்தால்
தரையெல்லாம் வண்ணப் பென்சில் சீவல்.
வாயைத் திறந்தேன்,
வந்தது மூச்சு மட்டும்.

அவள் தோள் இரண்டும்
காதுவரை உயர்ந்து காத்திருந்தன.
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
"தண்ணி வேணுமாம்மா?" என்றாள்.

அந்தத் தோள்
எத்தனை நாளாய் அப்படி உயர்கிறது?
எனக்குத் தெரியாது.
கத்தும்போது நான் எதையும் பார்த்ததில்லை.

மறுநாள் மின்தூக்கி சரியாகி
என் முன்னால் கதவைத் திறந்து நின்றது.
நான் படிப்பக்கம் திரும்பினேன்.

சபதமெல்லாம் இல்லை.
இனி நான் சாந்தசொரூபி என்று
நாள்காட்டியில் எழுதிய ஜனவரிகள்
என்னிடம் நிறைய உண்டு.
இது வெறும் கால்.
கால் முன்னால் போகும்,
கோபம் கிழட்டு நாய்போல் பின்னால் வரும்,
ஆறாம் மாடியில் உட்கார்ந்துவிடும்.
அங்கே ரோஸ்னா அக்கா வீட்டுச் சம்பல் நெடி.
தும்மிக்கொண்டே
யாராலும் கோபமாக இருக்க முடியாது,
முயன்று பார்த்துவிட்டேன்.

தவறிய நாளும் உண்டு.
மழையில் நனைந்து, பை கனத்து,
மின்தூக்கியில் ஏறிய ஒரு வெள்ளிக்கிழமை.
முப்பத்தெட்டு நொடியில் பத்தாம் மாடி.
கூடவே கோபமும்,
ஒரு துளி வியர்க்காமல்.
அன்று அவள் அறிவியல் தாள் கிழிந்தது.
கிழித்தது நான்.
ஒட்டுநாடா போட்டு ஒட்டினேன்,
எழுத்துகள் கொஞ்சம் விலகியே நின்றன.
இரவு ஒன்பதரைக்குக் கீழே போய்
மறுபடி ஏறினேன்.
தண்டனைக்கு அல்ல,
காலுக்கு வழி மறந்துவிடக் கூடாதே என்று.

அதுவரை நாற்பது நாள் எண்ணியிருந்தேன்.
அதன்பின் எண்ணவில்லை.
எண்ணிக்கைதான் உடைகிறது,
படி அங்கேயேதான் இருக்கிறது.

இப்போது தெங்காவில் புது வீடு,
சாவி கையில்.
எங்களுக்குக் கிடைத்தது மூன்றாம் மாடி.
வசதிதான், என்கிறார்கள் எல்லாரும்.
முப்பத்திரண்டே படி.

திரைச்சீலைக்கு அளவெடுக்கச்
சனிக்கிழமை போனோம்.
அவர் ஏணியோடு மின்தூக்கியில்.
நானும் தாரிகாவும் படியில்.
ஏறி முடித்தும் என் மூச்சு சீராகவே இருந்தது.
அதுதான் பயம்.
சுண்ணாம்பு மணக்கும் கதவின் முன்
சாவியைத் திருப்பாமல் நின்றேன்.

தாரிகா என்னைப் பார்த்தாள்.
தோள் இறங்கித்தான் இருந்தது.
"நாலரைத் தடவை ஏறினா
பழைய வீடு வந்துரும்மா,"
கணக்கில் எப்போதும் தப்பு விடுகிறவள்
சரியாகச் சொன்னாள்.

அந்த அரைத் தடவையில்
எங்கே போய் நிற்பது என்று
நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே
அவள் இறங்கத் தொடங்கியிருந்தாள்.